அம்மாவுக்கு அடி இறங்கியிருக்கு, கர்ப்பப்பைய எடுத்துத்தான் ஆகணுமா? (ஏற்காடு / சேலம்)

மிளகுக்கொடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்தக்காரங்ககிட்ட வாய்விட்டு கேக்க முடியாத விஷயம், அதான் இங்க வந்தேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

எங்கம்மாவுக்கு 54 வயசு. ஏற்காட்ல நாகலூர் பக்கம் காப்பி எஸ்டேட்ல வேலை. பழம் பறிக்கிற சீசன்ல மூட்டைய தலைல வச்சு சரிவுல ஏறி இறங்கி எடை போடுற எடத்துக்கு கொண்டு வரணும், மத்த மாசம் களை வெட்டு, மிளகு பறிக்கிறதுன்னு ஏதாவது இருந்துட்டே இருக்கும். நாங்க மூணு பேர், மூணும் சுகப்பிரசவம், கடைசி தம்பி பொறக்கறப்ப மட்டும் ரொம்ப நேரம் இழுத்து ஆயுதம் போட்டு எடுத்தாங்களாம். தூரம் (மாதவிலக்கு) நின்னு சில வருஷம் ஆச்சு.

விஷயம் என்னன்னா அடியில ஏதோ உருண்டையா வெளிய வந்து நிக்குதுன்னு இப்பதான் எங்கிட்ட சொல்றாங்க, ஆனா இது ரொம்ப நாளாவே இருக்கு போல, துணிய மடிச்சு வச்சு இறுக்கி கட்டிகிட்டு வேலைக்கு போயிட்டு இருந்திருக்காங்க!! காலைல எந்திரிக்கறப்ப ஒண்ணும் தெரியாதாம், சாயங்காலம் ஆக ஆக கீழ இழுக்குமாம். ஒண்ணுக்கு போனா முழுசா போன மாதிரி இல்ல, சில சமயம் விரல வச்சு உள்ள தள்ளினாதான் போகுது. இருமினா கசியுது. பஸ்ல சேலம் இறங்கறதுன்னா முந்தின நாள் ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க, அந்த 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரம் வர்றதுக்குள்ள அடக்க முடியாதுன்னு பயம்.

சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டினோம், பேர் வேண்டாம். சரியா கூட பாக்கல, "கர்ப்பப்பை இறங்கிருச்சு, இந்த வயசுல அது எதுக்கும்மா, எடுத்துரலாம்"னு சொல்லி அட்மிஷன் தேதியும் கொடுத்துட்டாங்க. வேற வழி இருக்கான்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. அம்மா எடுக்க பயப்படறாங்க, எஸ்டேட்ல ரெண்டு பேர் எடுத்துட்டு அப்பறமும் வேற ஏதோ இறங்கிருச்சுன்னு சொல்றாங்களாம். நான் நெட்ல தேடினா வலை வைக்கிற ஆபரேஷன், அதுக்கு அமெரிக்காவுல தடைன்னு வேற என்னென்னமோ வருது, எதை நம்பறதுன்னே தெரியல.

எடுத்துத்தான் ஆகணுமா? எக்ஸர்சைஸ், இறங்கினத தாங்க உள்ள வைக்கிற ரிங்குன்னு சொல்றாங்களே அதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

அஸ்தம்பட்டி அக்கா:

கண்ணு, மொதல்ல ஒண்ணு, இது உயிர் போற அவசரம் இல்ல. அந்த அட்மிஷன் தேதிய பாத்து பதறாதீங்க, தாராளமா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணலாம். நான் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, பெண்கள் வார்டுலயே பாதி வாழ்க்கை போச்சு, இந்த துணி மடிச்சு கட்டிகிட்டு வர்ற அம்மாக்கள எத்தனை பேர பாத்திருப்பேன். பத்து வருஷம் பதினஞ்சு வருஷம் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டு பொண்ணு பிரசவத்துக்கு துணைக்கு வர்றப்பதான் மெதுவா காதுல சொல்லுவாங்க.

அடி இறங்கறதுன்னா கர்ப்பப்பை மட்டும்தான் இறங்கணும்னு இல்ல. முன்னாடி சுவரோட சேந்து மூத்திரப்பை இறங்கலாம், பின் சுவரோட மலக்குடல் பிதுங்கலாம், மூணும் சேந்தும் வரலாம். உங்கம்மா விரல வச்சு தள்ளினாதான் ஒண்ணுக்கு போகுதுன்னா மூத்திரப்பையும் கூட இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதனால எது இறங்கியிருக்கு எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளந்து சொல்லணும், அதுக்குன்னு 1996லயே உலகம் பூரா ஒத்துக்கிட்ட ஒரு அளவு முறை வந்துருச்சு, 0ல இருந்து 4 வரைக்கும் ஸ்டேஜ். ஸ்டேஜ் 2ன்னா வாசல் கிட்ட, ஒரு சென்டிமீட்டர் உள்ளயோ வெளியவோ. 4ன்னா முழுசா வெளிய. படுக்க வச்சு முக்க சொல்லி பாக்கணும், சில பேருக்கு நிக்க வச்சும் பாக்கணும், ஏன்னா படுத்தா உள்ள போயிரும்ல. சும்மா எட்டிப் பாத்துட்டு "இறங்கிருச்சு"ன்னு சொல்றது பத்தாது.

வெளிய வந்த எடத்துல துணி உரசி உரசி புண்ணு இருக்கான்னு நீங்களே கேட்டு தெரிஞ்சுக்கோங்க. இருந்தா மொதல்ல அத ஆத்தணும், உள்ள தள்ளி வச்சு மருந்து துணி வைப்பாங்க (அந்த மஞ்சள் மருந்து, கிளிசரின் அக்ரிஃப்ளேவின், இன்னும் நம்ம ஊர் வார்டுல அதேதான்). புண்ணோட ஆபரேஷனும் பண்ண மாட்டாங்க, ரிங்கும் போட மாட்டாங்க. இன்னொண்ணு, தூரம் நின்னவங்களுக்கு திரும்ப ரத்தம் பட்டுச்சுன்னா அது உரசினதாலதான்னு நீங்களா நினைச்சு விட்டுராதீங்க, கட்டாயம் டெஸ்ட் பண்ணி பாக்கணும். ரொம்ப வெளிய வந்திருந்தா சிறுநீர்க்குழாய் மடங்கி கிட்னி வீங்கலாம், அதுக்கு ஒரு ஸ்கேன்.

இந்த பயம் எதுவும் இல்லன்னா எவ்வளவு இறங்கியிருக்குங்கறத விட அம்மாவுக்கு அதால எவ்வளவு தொந்தரவுங்கறதுதான் முக்கியம். தொந்தரவே இல்லாத இறக்கத்துக்கு ஒண்ணும் பண்ணாம விடறதும் ஒரு வைத்தியம்தான். ஆனா உங்கம்மாவுக்கு தொந்தரவு இருக்கு, தண்ணி குடிக்காம இருக்காங்கறதே பெரிய கஷ்டம். தண்ணி குடிக்காதீங்கன்னு யாராவது சொல்லியிருந்தா கேக்காதீங்க, யூரின் கெட்டியாகி இன்ஃபெக்‌ஷன் வரும், மலச்சிக்கல் ஆகும், முக்குவாங்க, முக்கினா இன்னும் இறங்கும்.

ரிங் பத்தி பிசியோ அம்மா யாராவது வந்தா சொல்லுவாங்க, நான் பாத்த வரைக்கும் நல்லாவே நிக்கும்.

---

குகை தறிக்காரி:

எல்லாரும் எடுக்காத எடுக்காதன்னே சொல்லுவாங்க நான் எடுத்தவ, எனக்கு நல்லா இருக்கு. அதையும் ஒருத்தர் சொல்லணும்ல.

எனக்கு ஆப்பிள் சைசுக்கு வெளிய வந்துருச்சு, தறியில உக்காரவே முடியாது, உக்காந்தா அழுத்தும் எந்திரிச்சா தொங்கும். ரிங் போட்டு பாத்தாங்க, எனக்கு நிக்கல, இருமினா விழுந்துரும். அப்பறம் கீழ் வழியாவே கர்ப்பப்பைய எடுத்து முன்சுவரும் பின்சுவரும் தையல் போட்டாங்க. முதுகுல ஊசிதான், வயித்துல கத்தியே படல. ரெண்டு மாசம் குடம் தூக்கக்கூடாது முக்கக்கூடாதுன்னு சொன்னாங்க, மாமியார் மூஞ்சிய தூக்கி வச்சுகிட்டாங்க ஆனா நான் கேக்கல.

ஒரே ஒரு விஷயம். முன்னாடி எனக்கு யூரின் கசிஞ்சதே இல்ல, ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள்ல தும்மினா கசிய ஆரம்பிச்சுது. எனக்கு செம கோவம், நல்லா இருந்தத கெடுத்துட்டாங்களேன்னு. கேட்டப்பதான் சொன்னாங்க, மூத்திரப்பை தொங்கிகிட்டு இருந்தப்ப குழாய் மடங்கி இருந்துச்சாம், அதனால கசிவு வெளிய தெரியாம இருந்துருக்கு, நேராக்கினதும் தெரியுதாம். சரி அத முன்னாடியே சொல்லியிருந்தா என்னவாம்? உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு முடிவானா இத கேட்டுக்கோங்க, இறங்கினத உள்ள தள்ளி வச்சுட்டு இரும சொல்லி பாப்பாங்களாம், அதுலயே ஓரளவு தெரிஞ்சுருமாம்.

---

இயற்கை_வாழ்வு:

இதுக்கெல்லாம் ஆபரேஷனே வேண்டாம் சகோ. தினமும் வெறும் வயித்துல கத்தாழை சோறு, மாதுளம் தோல் கஷாயம் வச்சு அடியில கழுவுங்க, சுருங்கி தானா ஏறிடும். எங்க பாட்டி காலத்துல யாருக்கு இதெல்லாம் இருந்துச்சு?

---

அஸ்தம்பட்டி அக்கா:

இருந்துச்சு தம்பி, உங்க பாட்டி உங்ககிட்ட சொல்லல அவ்வளவுதான். தோல் கஷாயமெல்லாம் வேண்டாம், தூரம் நின்னவங்களுக்கு அந்த தோலே காஞ்சு மெல்லிசா இருக்கும், எரிச்சலாகி புண்ணாயிரும்.

---

பிசியோ_ஐந்துரோடு:

என்னை கூப்பிட்டாங்க போல 🙂 நான் பிசியோதெரபிஸ்ட், பெண்களுக்கான இடுப்புத்தள தசை பயிற்சிதான் அதிகமா பாக்குறேன்.

இடுப்பு எலும்புக்கு அடியில முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் தூளி மாதிரி ஒரு தசை இருக்கு, மூத்திரப்பை கர்ப்பப்பை மலக்குடல் எல்லாம் அது மேலதான் உக்காந்திருக்கு, மேல இருந்து நார்களும் புடிச்சு வச்சிருக்கு. பிரசவத்துல தலை வெளிய வர்றப்ப இந்த தசை அளவுக்கு மீறி விரியுது, சில பேருக்கு எலும்புல ஒட்டியிருக்கற எடத்துல இருந்தே பிஞ்சுருது. ஆயுதம் போட்டு எடுத்தா அந்த ஆபத்து கூடும். அப்போ வெளிய தெரியாது, தூரம் நின்ன பிறகு ஹார்மோன் குறைஞ்சு நாரும் தளர்றப்பதான் மொத்தமா தெரிய வரும். கூடவே சுமை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடம்பு எடை. அதனால கர்ப்பப்பை இங்க குத்தவாளி இல்ல, அது கீழ வந்து மாட்டிகிட்டது அவ்வளவுதான். தாங்கறது தளர்ந்துருச்சு. இது புரிஞ்சா எஸ்டேட்ல அந்த ரெண்டு பேருக்கு எடுத்த பிறகும் ஏன் இறங்குச்சுங்கறதும் புரியும், கர்ப்பப்பைய எடுத்துட்டு யோனியோட மேல் முனைய சரியா கட்டி நிறுத்தலன்னா அந்த முனையே இறங்கி வரும்.

பயிற்சி. அர்னால்ட் கெகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1948ல எழுதினது, அவர் பேர்லதான் இன்னிக்கும் சொல்றோம். அவர் வாயால சொல்லிட்டு விட்டுரல, தசை எவ்வளவு இறுக்குதுன்னு காட்டற ஒரு அழுத்தமானியும் சேத்து செஞ்சார், அத எல்லாரும் மறந்துட்டாங்க. இப்ப என்ன நடக்குது, ஒரு பேப்பர கையில குடுத்து "இத பண்ணுங்கம்மா"ன்னு அனுப்பிடறாங்க. 1991ல ஒரு ஆய்வு, வாய்ல மட்டும் சொல்லிக் குடுத்துட்டு உள்ள அளந்து பாத்தா சரியா இறுக்கினவங்க பாதி பேர்தான், நாலுல ஒருத்தர் இறுக்கறதுக்கு பதிலா கீழ முக்கறாங்க, அதாவது இருக்கற பிரச்சனைய இன்னும் கூட்டற மாதிரி பண்றாங்க! எங்கிட்ட வர்றவங்கள்லயும் இதான் கதை, "ஆறு மாசமா பண்றேன் மேடம் ஒண்ணும் ஆகல"ம்பாங்க, பண்ணி காட்ட சொன்னா மூச்ச புடிச்சு, பல்ல கடிச்சு, தொடைய இறுக்கி, வயித்த தள்ளுவாங்க.

அம்மாவுக்கு எப்படி சொல்லணும்னா, நாலு பேர் இருக்கற எடத்துல காத்து பிரியாம அடக்குவோம்ல அந்த எடத்த மேல உள்ள இழுக்கணும், அப்படியே முன்னாடியும். ஒரு கைய வயித்துல வச்சுக்கணும், வயிறு வெளிய தள்ளக்கூடாது, மூச்சு போயிட்டே இருக்கணும், பேசிட்டே பண்ண முடியணும். மெதுவா இழுத்து முடிஞ்ச வரைக்கும் புடிச்சு (மொதல்ல மூணு செகண்டே நிக்கும், போகப் போக பத்து வரைக்கும்) முழுசா விடணும், விடறதும் பயிற்சிதான். அப்படி பத்து தடவை, அப்பறம் வேகமா பத்து, நாளைக்கு மூணு வேளை. மொதல்ல படுத்துகிட்டு, அப்பறம் உக்காந்து, அப்பறம் நின்னு. ஒண்ணுக்கு போறப்ப பாதியில நிறுத்தி பழகறது வேண்டாம். இருமல் தும்மல் வர்றதுக்கு முன்னாடி, மூட்டைய தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இழுத்து புடிச்சுட்டு அப்பறம் தூக்கணும், இது ஒண்ணு பழகினாலே சில பேருக்கு கசிவு நல்லா குறையுது.

இதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு. இருமினா தும்மினா கசியற பிரச்சனையில உலக ஆய்வுகள எல்லாம் திரட்டி காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்பு 2018ல போட்ட தொகுப்புல, பயிற்சி பண்ணவங்கள்ல குணமாயிருச்சுன்னு சொன்னவங்க நூத்துக்கு 56, ஒண்ணும் பண்ணாதவங்கள்ல 6. அடி இறக்கத்துக்கு 2014ல பெரிய ஆய்வு, இங்கிலாந்து ஆஸ்திரேலியா நியூஸிலாந்துல 447 பொம்பளைங்க, நாலு மாசத்துக்குள்ள அஞ்சு தடவை பிசியோவ நேர்ல பாத்து கத்துகிட்டவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சு இழுக்கற மாதிரி இருக்கறது, பாரம், தொந்தரவு எல்லாம் குறைஞ்சிருந்துச்சு. ஆனா ஒண்ணு நேராவே சொல்லிடறேன், ஸ்டேஜ் 3, 4ல வெளிய வந்து நிக்கறத பயிற்சி உள்ள இழுத்து வைக்காது. அப்படி யாராவது சொல்லி பணம் கேட்டா போகாதீங்க.

காலுக்கு கீழ ஒரு சின்ன மனை வச்சு உக்காந்து மலம் போக சொல்லுங்க வெஸ்டர்ன்னா. இந்தியன் டாய்லெட்ல முக்கிகிட்டே ரொம்ப நேரம் உக்காரக்கூடாது. ஏற்காட்டு குளிருக்கு இருமல் புடிச்சா வாரக்கணக்குல விடாது, அதையும் பாத்துடுங்க. அம்மா வெத்தல புகையிலை போட்டா விட சொல்லணும், ஆனா அது வேற சண்டை.

---

சும்மா படிக்கிறவன்:

நான் டாக்டர் இல்ல, எங்க சின்னம்மாவுக்கு இதே பிரச்சனை வந்தப்ப கட்டுரை கட்டுரையா படிச்சது. ரிங், ஆபரேஷன், வலை மூணுக்கும் நான் பாத்தத சொல்றேன், நீளமா போகும் மன்னிச்சுக்கங்க.

ரிங்குங்கறது சிலிக்கான்ல செஞ்ச வளையம், அளவு பாத்து உள்ள வச்சா இறங்கினது அது மேல உக்காந்துக்கும். இதையும் ஆபரேஷனையும் நேருக்கு நேர் வச்சு பாத்த ஆய்வு நெதர்லாந்துல நடந்து 2022ல வந்துச்சு, 440 பேர். ரெண்டு வருஷம் கழிச்சு "இப்ப நல்லா இருக்கு"ன்னு சொன்னவங்க ரிங் பக்கம் நூத்துக்கு 76, ஆபரேஷன் பக்கம் 81, 82. பாக்க பெரிய வித்தியாசம் இல்லல்ல, ஆனா ஆபரேஷனுக்கு ரிங் சமம்னு அந்த ஆய்வால நிரூபிக்க முடியல, அதோட ரிங்குல ஆரம்பிச்சவங்கள்ல பாதிக்கு மேல அந்த ரெண்டு வருஷத்துக்குள்ளயே ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க. நான் இத எப்படி படிக்கறேன்னா, ரிங் போட்டு பாக்கறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல, புடிக்கலன்னா எடுத்துட்டு ஆபரேஷனுக்கு போலாம், ஆபரேஷன் பண்ணிட்டு திரும்பி வர முடியாது. ரிங்க மாட்டிட்டு மறந்துட்டா மட்டும் வம்பு, வருஷக்கணக்கா எடுக்காம விட்டு உள்ள புண்ணாகி ஓட்டையே விழுந்த கேஸெல்லாம் உண்டு. சில மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து கழுவி பாத்துட்டு திரும்ப வைக்கணும். அத அவங்களே வீட்ல பண்ண கத்துக்கலாம், இங்கிலாந்துல 340 பேர வச்சு 2023ல வந்த ஆய்வுல தானே எடுத்து போட்டுகிட்டவங்களுக்கு வாழ்க்கைத்தரம் ஒண்ணும் குறையல, தொந்தரவு கம்மியாத்தான் இருந்துச்சு. மலை மேல இருக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலிய விட்டுட்டு சேலம் இறங்க வேண்டாம். தோல் காஞ்சிருந்தா உள்ள தடவ ஈஸ்ட்ரோஜன் கிரீம் குடுப்பாங்க, அத டாக்டர் சொன்னா மட்டும்.

வலை விஷயம். யோனி வழியா வலை வச்சு இறக்கத்த சரி பண்ற முறை 2000க்கு அப்பறம் வெளிநாட்ல ரொம்ப பரவுச்சு. அப்பறம் வலை தோல கிழிச்சு வெளிய வர்றது, வலி, தாம்பத்தியத்துல கஷ்டம்னு புகார் குவிஞ்சு அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவ சாதனங்கள கண்காணிக்கற அரசு அமைப்பு) 2008ல ஒரு எச்சரிக்கை, 2011ல இன்னொண்ணு, கடைசியா 2019 ஏப்ரல்ல விக்கறதையே நிறுத்த சொல்லிட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 2017லயே எடுத்துட்டாங்க. இங்கிலாந்துல 1,348 பேர வச்சு 2017ல வந்த ஆய்வுல, சாதாரண தையலோட ஒப்பிட்டா வலை வச்சவங்களுக்கு ரெண்டு வருஷத்துல கூடுதல் பலனே இல்ல, நூத்துல 12 பேர் அளவுக்கு வலைச் சிக்கல் மட்டும் மிச்சம். பல வருஷம் வித்து முடிச்சு அப்பறமா ஆராய்ச்சி பண்ணினா இப்படித்தான். ஆனா ஒரு குழப்பம் வேண்டாம், வயித்து வழியாவோ லேப்ராஸ்கோப்பிலயோ மேல் முனைய முதுகெலும்போட கட்டறதுக்கு வைக்கற வலை வேற, அது இந்த அமெரிக்க உத்தரவுல வராது. எந்த வலை, எந்த வழியா வைக்கறீங்கன்னு கேக்கணும்.

எடுத்துத்தான் ஆகணுமாங்கறதுக்கு நேர் பதில்: இல்ல, எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்ல. நெதர்லாந்துலயே 208 பேர்கிட்ட, பாதி பேருக்கு கர்ப்பப்பைய எடுத்தாங்க, பாதி பேருக்கு எடுக்காம இடுப்புக்குள்ள இருக்கற ஒரு கெட்டியான நார்ல தைச்சு நிறுத்தினாங்க, 2015ல வந்த முடிவுல கர்ப்பப்பைய எடுக்காம விட்டவங்க எந்த விதத்துலயும் பின்தங்கல, அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தப்பவும் அப்படித்தான். இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்னு யாரும் சொல்லிட முடியாது, பம்பாய்ல ஷிரோத்கர்னு பெரிய டாக்டர் (கர்ப்பவாய்ல தையல் போடறாங்கல்ல, அவர் பேர்ல ஒரு முறை இருக்கே, அவரேதான்), இள வயசுல இறக்கம் வர்ற பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பைய எடுக்காம தூக்கி கட்டற ஆபரேஷன அந்த காலத்துலயே பண்ணியிருக்கார், நம்ம ஊர் மெடிக்கல் காலேஜ் புத்தகத்துலயே அவர் பேர்ல இருக்கு. அதே சமயம் கர்ப்பப்பையில வேற பிரச்சனை இருந்தா, கட்டி, ரத்தப்போக்கு, புற்றுநோய் சந்தேகம் இப்படி, அப்ப எடுக்கறதுதான் சரி. மேல குகை அக்காவுக்கு எடுத்ததும் தப்புன்னு நான் சொல்ல வரல. காரணம் சொல்லாம எடுக்கறதுதான் பிரச்சனை. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர்ல தேவையில்லாம கர்ப்பப்பைய எடுத்தது வழக்காகி 2023ல உச்சநீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு, மத்திய அரசோட வழிகாட்டு நெறிமுறைய எல்லா மாநிலமும் மூணு மாசத்துக்குள்ள எடுத்துக்கணும்னு. அதனால "ஏன் எடுக்கணும்"னு கேக்கறது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல.

சுமை பத்தி ஒரு வார்த்தை, எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. டென்மார்க்ல 1994ல வந்த ஆய்வு, நோயாளிகள தூக்கி இறக்கற உதவி நர்ஸுங்களுக்கு மத்த பொம்பளைங்கள விட அடி இறக்க ஆபரேஷன் வர்ற வாய்ப்பு 1.6 மடங்கு. நேபாளத்துல மலை கிராமங்கள்ல பிரசவம் ஆன சில நாள்லயே சுமை தூக்க அனுப்பி இந்த நோய் எவ்வளவு பரவுச்சுன்னா, 2008ல அந்த நாட்டு உச்சநீதிமன்றம் இது பொம்பளைங்களோட உரிமை பிரச்சனைன்னே சொல்லி அரசாங்கத்த நடவடிக்கை எடுக்க வச்சுது. நம்ம சேர்வராயன் மலையில ஆயுதம் போட்டு புள்ளை பெத்தவங்க எத்தனை நாள்ல மறுபடியும் சரிவுல மூட்டை தூக்கியிருப்பாங்க? அம்மாகிட்ட கேட்டு பாருங்க, பதில் உங்களுக்கே தெரியும்.

---

மிளகுக்கொடி:

ஐயோ இவ்வளவு எழுதியிருக்கீங்க எல்லாரும், எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அக்கா சொன்ன மாதிரி அம்மாகிட்ட உக்காந்து ஒண்ணொண்ணா கேட்டேன். ரத்தம் படல, புண்ணும் இல்லன்னு சொல்றாங்க, ஆனா துணி வச்ச எடம் எரியுதுங்கறாங்க. தம்பி பொறந்து ஒரு மாசத்துலயே வேலைக்கு போயிட்டாங்களாம், அப்பா அப்ப உடம்பு முடியாம இருந்திருக்கார்.

அட்மிஷன் வேண்டாம்னு போன் பண்ணி சொல்லிட்டேன். இப்ப எங்க போறது? ஏற்காட்டு ஜி.எச்லயே பாக்கலாமா இல்ல சேலம் பெரியாஸ்பத்திரியா? இன்னொண்ணு, ரிங் போட்டா எஸ்டேட் வேலைக்கு போலாமா? அம்மாவுக்கு அது ஒண்ணுதான் கவலை, சீசன் வருதுன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. அத கேட்டா எனக்கு கோவம்தான் வருது.

---

அஸ்தம்பட்டி அக்கா:

கோவப்படாத கண்ணு, கூலி போனா என்ன பண்ணுவாங்க. ஏற்காட்டு ஜி.எச்ல காட்டி சீட்டு எழுதி வாங்கிட்டு சேலம் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி பெண்கள் நலப் பிரிவு ஓ.பிக்கு போங்க, காலைல நேரத்தோட. முதல்வர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூணும் கையில இருக்கட்டும், ஆபரேஷன்னு வந்தா எது அட்டையில வரும்னு அங்க கவுண்டர்லயே கேட்டுக்கலாம். உங்க ஊர் நர்ஸம்மாகிட்டயும் சொல்லி வைங்க, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு பிசியோ வர்றாங்கல்ல, பெரும்பாலும் மூட்டு வலிக்கும் பக்கவாதத்துக்கும்தான் வருவாங்க, ஆனாலும் கேட்டு வச்சா தப்பில்ல.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியத ஒரு சீட்டுல எழுதிக்கோங்க. என்ன இறங்கியிருக்கு, எந்த ஸ்டேஜ், ரிங் போட்டு பாக்கலாமா, ஆபரேஷன்னா கர்ப்பப்பைய ஏன் எடுக்கணும், எடுத்தா மேல் முனைய எதுல கட்டுவீங்க, வலை வைப்பீங்களா, பின்னாடி கசிவு வருமா. கூட்டத்துல அவங்க சலிச்சுக்குவாங்க, பரவால்ல கேளுங்க. அம்மாவ மட்டும் உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய நிக்காதீங்க.

---

பிசியோ_ஐந்துரோடு:

ரிங் போட்டுகிட்டு வேலைக்கு போலாம், போறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா முழு மூட்டை வேண்டாம். மேஸ்திரிகிட்ட பேசி, அம்மா பறிக்கட்டும், சுமக்கறத வேற யாராவது பாத்துக்கட்டும். அது நடக்கலன்னா பாதி பாதியா ரெண்டு நடையா கொண்டு வரட்டும், கீழ இருந்து தலைக்கு தூக்கறப்ப இன்னொருத்தர் கை குடுக்கணும், தூக்கறதுக்கு முன்னாடி அந்த இழுத்து புடிக்கறது, தூக்கறப்ப மூச்ச அடக்காம வெளிய விடணும். காலி வயித்துல தண்ணியும் குடிக்காம வேலை பாக்கறத மட்டும் நிறுத்த சொல்லுங்க.

ரிங் போட்ட அன்னிக்கு போட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிராதீங்க. ஆஸ்பத்திரியிலயே நல்லா தண்ணி குடிச்சுட்டு அரை மணி நேரம் நடந்து, படி ஏறி இறங்கி, இருமி, குந்த வச்சு உக்காந்து பாக்கணும், முக்கியமா ஒண்ணுக்கு போய் பாக்கணும். விழுந்தா அளவு சின்னது, வலிச்சா இல்ல ஒண்ணுக்கு வரலன்னா அளவு பெருசு, அங்கயே மாத்திக்கலாம். மலை ஏறினப்பறம் ஒண்ணுக்கு அடைச்சுகிச்சுன்னா ராத்திரி நேரத்துல இறங்கறது கஷ்டம். அதனால எப்படி எடுக்கறதுன்னு நீங்களும் அம்மாவும் ரெண்டு பேருமே ஒரு தடவை கையால எடுத்து திரும்ப போட்டு காட்டிட்டு கிளம்புங்க.